வார்ஃபீல்டின் தாள்கள் பத்திரமாக இருக்கின்றன, நம்முடையவை எங்கே?

அன்புள்ள ஆய்வு மாணவர்களுக்கும் மதிப்பிற்குரிய நெறியாளர்களுக்கும்,

வணக்கம். தொழிலகப் பொறியியல், உற்பத்திப் பொறியியல், மேலாண்மை ஆகிய துறைகளில் ஐ.எஸ்.எம். முறையை, அதாவது ஒரு சிக்கலின் காரணிகளில் எது எதற்கு வழிவகுக்கிறது என்று குழுவாகக் கூடிப் பேசிப் படமாக வரையும் ‘இன்டர்பிரெட்டிவ் ஸ்ட்ரக்சுரல் மாடலிங்’ முறையை, கையாளும் உங்களுக்குத்தான் இந்த மடல். சப்ளை செயின் தடைகள், லீன் உற்பத்தி, ரிவர்ஸ் லாஜிஸ்டிக்ஸ், இன்டஸ்ட்ரி 4.0 என்று எந்தத் தலைப்பை எடுத்தாலும், நம் ஊர்த் தீசிஸ்கள் பலவற்றில் ஓர் அத்தியாயம் இந்த முறைக்கென்றே இருக்கிறது. அந்த அத்தியாயத்தின் முதல் பத்தியில் ‘வார்ஃபீல்ட், 1974’ என்று ஒரு மேற்கோள் வரும். முறையை உருவாக்கியவரின் அந்தப் பெயர் அதற்குப் பிறகு பெரும்பாலும் தலைகாட்டுவதில்லை.

அந்த மனிதரின் தாள்கள் அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்து ஃபேர்ஃபாக்ஸில் இருக்கும் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் ஃபென்விக் நூலகத்தில், சிறப்புத் தொகுப்புப் பிரிவில் காக்கப்படுகின்றன. ஒரு பகுதி மின்வடிவில் அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்திலும் கிடைக்கிறது. அவற்றை எடுத்துப் படியுங்கள் என்று கேட்கத்தான் முதலில் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, அதைவிட அவசரமான வேறொன்றைக் கேட்க வேண்டும் என்று பட்டது. நீங்கள் நடத்தும் அமர்வுகளின் தாள்களையும் அதே அக்கறையோடு காத்து வையுங்கள். அவை இல்லாமல் நாம் வெளியிடும் முடிவுகளை யாராலும் சோதிக்க முடியாது.

ஜான் நெல்சன் வார்ஃபீல்ட் 1925இல் மிசௌரி மாநிலத்தில் பிறந்தவர். அடிப்படையில் மின்பொறியாளர். 1952இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1959இல் அனலாக் கணினிகள் பற்றியும், 1963இல் லாஜிக் டிசைன் பற்றியும் பாடநூல்கள் எழுதினார். அப்படியே போயிருந்தால் நல்ல எலெக்ட்ரானிக்ஸ் பேராசிரியராகவே ஓய்வு பெற்றிருப்பார். 1968இல் ஒஹையோ மாநிலம் கொலம்பஸில் இருந்த பாட்டல் நினைவு நிறுவனத்துக்குப் போனதும் அவர் பாதை மாறியது. நகர நெருக்கடி, சுற்றுச்சூழல், கல்வி போன்ற பெரிய சிக்கல்களில் கையில் தரவு இருந்தும், விவரம் தெரிந்தவர்கள் இருந்தும், ஒரு குழுவாக உட்கார்ந்து ஏன் தெளிவுக்கு வர முடிவதில்லை என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. சுவிட்சுகளுக்கும் லாஜிக் கேட்டுகளுக்கும் பயன்பட்ட அதே பூலியன் கணக்கை, மனிதர்கள் கூடி யோசிப்பதை ஒழுங்குபடுத்தத் திருப்பினார். ஐ.எஸ்.எம். பிறந்தது அப்படித்தான். பின்னர் வர்ஜீனியா பல்கலைக்கழகத்திலும், 1980களின் நடுவிலிருந்து ஜார்ஜ் மேசனிலும் பணியாற்றினார். 2009இல் காலமானார்.

அவர் வகுத்த அமர்வு எப்படி நடக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம்மில் பலர் இதை மேட்ரிக்ஸ் வடிவில் மட்டுமே அறிந்திருக்கிறோம்.

சிக்கலோடு நேரடித் தொடர்புள்ள பத்துப் பன்னிரண்டு பேர் ஓர் அறையில் கூடுகிறார்கள். முன்வைக்கப்பட்ட கேள்விக்கு ஒவ்வொருவரும் முதலில் பேசாமல் தனியாக எழுதுகிறார்கள். பிறகு முறை வைத்து ஆளுக்கு ஒன்றாகப் படிக்கிறார்கள். படிக்கப்படும் ஒவ்வொரு வரியும் எண் போட்டுப் பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டப்படுகிறது. எழுதியவர் அதன் பொருளை விளக்குகிறார். மற்றவர்கள் கேள்வி கேட்கலாம், ஆனால் அந்தக் கட்டத்தில் சரி, தவறு என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. விளக்கத்தின்போது வரி திருத்தப்படும், சில சமயம் இரண்டாகப் பிரியும். அதன்பின் ஒவ்வொருவரும் தனக்கு முக்கியமாகப் படும் ஐந்தைத் தேர்ந்தெடுக்கிறார்.

இவ்வளவும் முடிந்த பிறகே கணினி வருகிறது. “இந்தச் சூழலில், பிரச்சினை 7, பிரச்சினை 12ஐத் தீவிரமாக்குகிறதா?” என்று திரையில் ஒரே ஒரு கேள்வி. அறையே அதைப் பற்றிப் பேசுகிறது. ஒருவர் ஆம் என்பார், தன் அனுபவத்திலிருந்து காரணம் சொல்வார். இன்னொருவர் மறுப்பார். பேச்சு ஓய்ந்ததும் கை தூக்கச் சொல்லிப் பெரும்பான்மை பதிவாகிறது. அடுத்த கேள்வி. ஒன்று இரண்டைத் தீவிரமாக்கி, இரண்டு மூன்றைத் தீவிரமாக்கினால், ஒன்று மூன்றையும் தீவிரமாக்கும் என்பதைக் கணினியே ஊகித்துக்கொள்வதால் கேள்விகளின் எண்ணிக்கை குறைகிறது. 30 பிரச்சினைகள் என்றால் திசையோடு கணக்கிட 870 கேள்விகள். அத்தனையையும் ஒரு குழுவிடம் கேட்க முடியாது. அந்தச் சுமையைக் குறைத்து, மனிதர்களின் நேரத்தைப் பேச்சுக்கு விட்டுக்கொடுப்பதுதான் அங்கே கணினியின் வேலை. அமர்வை நடத்துபவர் நடைமுறையைப் பார்த்துக்கொள்வார், உள்ளடக்கத்தில் வாய் திறக்க மாட்டார். இறுதியில் வரும் படம் சுவரளவுக்கு விரிக்கப்படும். ஒன்றையொன்று தீவிரமாக்கிக்கொண்டு சுழலும் பிரச்சினைகள் ஒரே பெட்டிக்குள் நிற்கும்.

இப்போது நம் நடைமுறை. 15 காரணிகளை ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து எடுக்கிறோம். எக்செல் தாளில் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒன்றாக 105 கட்டங்கள். தொழிற்சாலையில் ஐந்து பேர், கல்லூரியில் இரண்டு பேர் என்று ‘எக்ஸ்பர்ட்’ பட்டியல் போட்டு மெயில் அனுப்புகிறோம். வி (முதலாவது இரண்டாவதுக்கு வழிவகுக்கிறது), ஏ (இரண்டாவது முதலாவதுக்கு), எக்ஸ் (இருபக்கமும்), ஓ (தொடர்பில்லை) என்ற நான்கு எழுத்துகளில் ஒன்று ஒவ்வொரு கட்டத்திலும் நிரம்பி வருகிறது. ஒன்றும் சுழியமுமாக மாற்றி, எது எதை எட்டும் என்று காட்டும் ரீச்சபிலிட்டி மேட்ரிக்ஸ் போட்டு, லெவல் பிரித்து, அம்புகள் வரைந்து, எது மற்றவற்றை இயக்குகிறது, எது மற்றவற்றைச் சார்ந்திருக்கிறது என்று காட்டும் மிக்மாக் படத்தில் நான்கு கட்டங்களில் புள்ளி வைத்து முடிக்கிறோம். கணக்கில் பிழை இருக்காது. ஆனால் அந்த எழுத்துகள் எங்கிருந்து வந்தன என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட மிஞ்சுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. ‘நிர்வாகத்தின் அக்கறையின்மை’, ‘நிதிப் பற்றாக்குறை’ என்று இரண்டு காரணிகள். கட்டத்தில் வி என்று இருக்கிறது. அதாவது முதலாவது இரண்டாவதுக்கு வழிவகுக்கிறது. முதலாளிக்கு மனமில்லாததால் பணம் ஒதுக்கவில்லை என்று ஒருவர் சொல்லியிருக்கலாம். முதலாளிக்கு ஆசைதான், வங்கியில் கடன் கிடைக்காமல் ஓய்ந்துபோய் அக்கறையையே விட்டுவிட்டார் என்று இன்னொருவர் சொல்லியிருக்கலாம். அப்படியென்றால் எழுத்து ஏ ஆக வேண்டும். யார் எதைச் சொன்னார், எதை ஏற்றுக்கொண்டார்கள், ஏன்? வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இந்தக் கேள்வியை நான் கேட்கும்போதெல்லாம் மாணவர் நெறியாளரைப் பார்க்கிறார். “எக்ஸ்பர்ட் ஒப்பீனியன் சார்” என்ற பதிலோடு பேச்சு நின்றுபோகிறது. அந்தப் பிள்ளை மேல் எனக்குக் குறையில்லை. காரணத்தைக் குறித்து வைக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

இது சின்ன விஷயமும் அல்ல. ஊகித்துக்கொள்ளும் கணக்கு இதில் இருப்பதால், ஒரே ஒரு கட்டத்தில் எழுத்து மாறினாலும் ஒரு காரணி அடித்தளத்திலிருந்து மேல்தளத்துக்குப் போய்விடக்கூடும். அடித்தளத்தில் இருப்பதைத்தான் ‘முதலில் இதைச் சரிசெய்யுங்கள்’ என்று தொழிற்சாலைக்குப் பரிந்துரைக்கிறோம். சிறு தொழில் நடத்தும் ஒருவர் அதை நம்பிப் பணம் போடலாம்.

டெல்லி ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் சுஷில் இந்தக் குறையை நன்றாகவே உணர்ந்தவர். ஒவ்வோர் அம்புக்கும் ‘ஏன், எப்படி’ என்ற விளக்கத்தை எழுதி வைக்க வேண்டும் என்பதை முறையின் பகுதியாகவே ஆக்கி, டி.ஐ.எஸ்.எம். (டோட்டல் ஐ.எஸ்.எம்.) என்ற வடிவத்தை 2012இல் முன்வைத்தார். நம்மில் பலர் அதையும் பயன்படுத்துகிறோம். ஆனால் கட்டுரைக்குப் பக்கக் கட்டுப்பாடு வரும்போது முதலில் வெட்டப்படுவது அந்த விளக்க அட்டவணைதான்.

பதிவுகளைக் காப்பது ஏதோ நினைவஞ்சலி போன்ற வேலை என்று நினைப்பவர்களுக்கு, வார்ஃபீல்டின் ஆய்விலிருந்தே ஒன்றைச் சொல்ல வேண்டும். 1995இல் அவர் ‘ஸ்ப்ரெட்திங்க்’ பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். சிக்கலான ஒரு விஷயத்தில், விவரம் தெரிந்தவர்களே கூடியிருந்தாலும், எது முக்கியம் என்பதில் அவர்கள் கருத்து ஒன்றுபடுவதில்லை, பரவலாகச் சிதறிக் கிடக்கிறது என்பது அதன் சாரம். அதை அவர் ஊகத்தில் எழுதவில்லை. பல ஆண்டுகளாக, பல இடங்களில் நடந்த அமர்வுகளில் ‘எனக்கு முக்கியமான ஐந்து’ என்று ஒவ்வொருவரும் போட்ட வாக்குகள் அவரிடம் இருந்தன. அவற்றை அடுக்கிப் பார்த்தபோது புலப்பட்ட உண்மை அது. சிக்கலின் அளவைக் குறிக்க அவர் உருவாக்கிய குறியீட்டெண்களும் அப்படித்தான் வந்தன. குழு எழுதிய பிரச்சினைகளின் எண்ணிக்கையை 7ஆல் வகுத்தால் மில்லர் குறியீடு, கண்டறிந்த உறவுகளின் எண்ணிக்கையை 10ஆல் வகுத்தால் டி மார்கன் குறியீடு. அமர்வு முடிந்ததும் தாள்களைக் குப்பைக்கூடையில் போட்டிருந்தால் இவற்றில் எதுவும் பிறந்திருக்காது. நம் நாட்டில் இந்த முறையில் நடந்திருக்கும் ஆய்வுகளின் எண்ணிக்கையை நினைத்துப் பாருங்கள். அத்தனை பேரின் வாக்குத் தாள்களும் இருந்திருந்தால், இந்தியச் சிறு தொழில்களில் கருத்து எப்படிச் சிதறுகிறது என்று இன்று ஒரு மாணவர் எழுத முடியும். அந்தத் தீசிஸை வழிநடத்த எனக்கு எவ்வளவோ ஆசை. தரவு இல்லை.

ஆங்கிலேய மனநல மருத்துவரும், கட்டுப்பாடும் தகவல் தொடர்பும் பற்றிய அறிவியலான சைபர்நெட்டிக்ஸின் முன்னோடியுமான ராஸ் ஆஷ்பியின் குறிப்பேடுகளையும் இங்கே சொல்லியாக வேண்டும். மருத்துவ மாணவராக இருந்தபோது 1928இல் எழுதத் தொடங்கி, 1972இல் இறக்கும் வரை எழுதினார். 25 தொகுதிகள், 7,189 பக்கங்கள். 2003இல் அவருடைய மகள்கள் அவற்றைப் பிரிட்டிஷ் நூலகத்துக்கு அளித்தார்கள். இன்று முழுவதும் இணையத்தில் இருக்கிறது. அவருக்கு ஏறக்குறைய 1,600 அட்டைகள் கொண்ட பொருளடைவு ஒன்றும் இருந்தது. எந்தக் கருத்து எந்தத் தொகுதியில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அந்த அட்டைகள் காட்டும். மின்வடிவாக்கியவர்கள் பக்கங்களை மட்டும் ஏற்றிவிட்டு நிற்கவில்லை, அந்த அடைவையும் பக்கங்களோடு இணைத்தார்கள். ஒருவர் எழுதியதோடு, எழுதியதை அவர் எப்படித் தேடினார் என்பதும் காக்கப்பட்டிருக்கிறது. சிக்கலைப் பற்றி யோசித்தவரின் தாள்களில், எது எதன் பக்கத்தில் இருந்தது என்பதே பாதி அறிவு. காப்பகத்தார் பெட்டிகள் வந்த வரிசையைக் கலைக்காமல் வைப்பதில் அவ்வளவு பிடிவாதமாக இருப்பதும் அதனால்தான். சைபர்நெட்டிக்ஸை மேலாண்மைக்குக் கொண்டுவந்த ஸ்டாஃபோர்ட் பியரின் தாள்கள் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்திலும், மனிதர் முடிவெடுக்கும் விதத்தை ஆராய்ந்த ஹெர்பர்ட் சைமனின் தாள்கள் கார்னகி மெல்லனிலும் இருக்கின்றன. இவர்களையும் நாம் மேற்கோள் காட்டுகிறோம்.

வார்ஃபீல்ட் போன்றவரின் தொகுப்பைக் காப்பதில் தனியான சிரமங்களும் உண்டு. நமக்கும் அவை வரும் என்பதால் சொல்கிறேன். அவருடைய முறையின் முக்கிய விளைபொருள் ஏ4 தாளில் அடங்காது. ஒரு சிக்கலின் மொத்த அமைப்பையும் பார்ப்பதற்குச் சுவர் வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அரசியல் அறிஞர் ஹரால்டு லாஸ்வெல்லின் சிந்தனையைப் பின்பற்றி, ஒரு நிறுவனத்தின் சிக்கல்களைப் படங்களாகச் சுவர் முழுக்க வைத்து, உள்ளே நடந்தபடியே படித்துப் புரிந்துகொள்வதற்கான தனி அறையே வேண்டும் என்று எழுதினார். அப்படிப்பட்ட படத்தை நான்காக மடித்து உறையில் போட்டால் மடிப்பில் கிழியும். துண்டு துண்டாக ஸ்கேன் செய்தால் அம்பு எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று தெரியாது. நம் தீசிஸ்களில் இதே படத்தை அரைப் பக்கத்துக்குச் சுருக்கி, எழுத்தே படிக்க முடியாதபடி ஒட்டுகிறோம். தயவுசெய்து பெரிய அளவிலான கோப்பாகத் தனியே வையுங்கள்.

மென்பொருளும் அப்படித்தான். முதலில் பெருங்கணினியில் ஓடியது, பிறகு தனிக்கணினிக்கு வந்தது. அந்தக் காலத்துக் கோப்பை இன்றைய கணினி திறக்காது. உங்கள் மேட்ரிக்ஸை எக்செல்லில் வைத்திருந்தால், கூடவே எந்தக் கணினியும் படிக்கும் சாதாரண உரைக்கோப்பாகவும் ஒன்றைப் போட்டு வையுங்கள். இரண்டு நிமிட வேலை.

மூன்றாவதாக, ஒப்புதல். வார்ஃபீல்டும் அவருடைய சக ஆய்வாளர் அலெக்சாண்டர் கிறிஸ்டாகிஸும் வளர்த்த முறையை, ஃபோர்டு நிறுவனத்திலும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக் கொள்முதலைச் சீரமைக்கும் பணியிலும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அமெரிக்கத் தொல்குடி மக்களின் அமர்வுகளிலும், லடானா ஹாரிஸ் தலைமையிலான அமைப்போடு சேர்ந்து பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒரு சமூகம் தன் துயரங்களைத் தானே அடுக்கிப் பார்த்த பேச்சு யாருக்குச் சொந்தம்? யார் படிக்கலாம்? தொல்குடி ஆவணங்களைக் கையாளும்போது அந்தச் சமூகத்தைக் கேட்டே செய்ய வேண்டும் என்று அமெரிக்கக் காப்பகத்தாருக்கு 2007இல் நெறிமுறைகளே வகுத்தார்கள். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத் தொழிலாளி உங்கள் அமர்வில் முதலாளியைப் பற்றிச் சொன்னதற்கும் அதே கவனம் தேவை. பெயரை எடுத்துவிட்டு ‘தையல் பிரிவு, 12 ஆண்டு அனுபவம்’ என்று வையுங்கள். வாயால் கேட்டால் போதாது, எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். பத்து ஆண்டுக்குப் பிறகுதான் திறக்கலாம் என்று அவர் சொன்னால் பத்து ஆண்டு மூடி வையுங்கள்.

நெறியாளர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மாணவரிடம் புதிதாக எதையும் கேட்க வேண்டாம், ஏற்கெனவே கையில் இருப்பதை எறியாமல் வைக்கச் சொல்லுங்கள். முதல் சுற்றில் ஒவ்வொருவரும் எழுதிய வரிகள், பட்டியலிலிருந்து நீக்கிய காரணிகளும் நீக்கிய காரணமும், திருத்துவதற்கு முன்னும் பின்னும் இருந்த சொற்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை பேர் ஆம், எத்தனை பேர் இல்லை, ஏன் என்று ஒரு வரி, சுவரின் புகைப்படம், தேதி. இவற்றைப் பின்னிணைப்பாகச் சேர்க்கலாம். நீக்கிய காரணிகளை நான் அழுத்திச் சொல்கிறேன். 40இலிருந்து 15க்குக் குறைத்தபோது போன அந்த 25இல்தான், அடுத்து வரும் மாணவருக்கான தலைப்பு இருக்கும்.

அமர்வையும் அமர்வாகவே நடத்தப் பாருங்கள். ஏழு பேரையும் ஒரே அறையில் ஒரு முழுநாள் உட்கார வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். தொழிற்சாலையில் ஷிஃப்ட் விட மாட்டார்கள், மேலாளருக்குக் கூட்டம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டோடு கூப்பிட்டால் வருகிறார்கள், எங்கள் பக்கத்தில் அப்படித்தான் நடக்கிறது. மெயிலில் வரும் ஏழு எக்செல் தாள்களின் சராசரி ஒருபோதும் தராத ஒன்று அங்கே நடக்கும். ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் சொன்னதைக் கேட்டு உற்பத்தி மேலாளர் தன் வாக்கை மாற்றிக்கொள்வார். அந்த மாற்றத்தைக் குறித்து வையுங்கள். வார்ஃபீல்ட் வாழ்நாளெல்லாம் தேடியது அதைத்தான்.

கல்லூரி நூலகர்களிடமும் பேசுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பிறகு தீசிஸ்கள் மின்வடிவில் ஷோத்கங்கா என்ற தேசிய இணையக் களஞ்சியத்துக்குப் போகின்றன. அது பெரிய நன்மை, மறுக்கவில்லை. ஆனால் அங்கே போவது முடிந்த நூல். அதன் பின்னால் இருந்த தாள்கள் ஹாஸ்டல் அறையைக் காலி செய்யும் நாளில் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. துறைக்கு ஒரு அலமாரி, நூலகச் சர்வரில் ஒரு கோப்புறை, எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல். இதற்குச் செனட் தீர்மானமெல்லாம் வேண்டாம். துறைத்தலைவர் ஒருவர் மனம் வைத்தால் இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம்.

கடைசியாக, ஓய்வு பெற்ற மூத்த பேராசிரியர்களுக்கு. 1970களிலும் 80களிலும் அமெரிக்காவில் படித்து வந்தவர்களில் யாருக்காவது வார்ஃபீல்டோடு கடிதத் தொடர்பு இருந்திருக்கலாம். அவர் அனுப்பிய தட்டச்சுப் படியோ, அமர்வு அறிக்கையோ, ஒரு வாழ்த்து அட்டையோ பரணில் கிடக்கலாம். அதை நீங்களே முக்கியமில்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். ஒரு பட்டியல் எழுதி, ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழக நூலகத்தின் சிறப்புத் தொகுப்புப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். அதற்கு முன் பின்களையும் ரப்பர் பேண்டுகளையும் எடுத்துவிடுங்கள், துருவும் பிசினும் தாளைத் தின்றுவிடும். செல்லோடேப் ஒட்ட வேண்டாம், லாமினேட் செய்யவே வேண்டாம். உறையைத் தூக்கிப் போடாமல் கடிதத்தோடு சேர்த்தே வையுங்கள், தேதி பல சமயம் அஞ்சல் முத்திரையில்தான் இருக்கும். உங்களால் முடியவில்லை என்றால் பக்கத்துக் கல்லூரியின் ஆய்வு மாணவர் ஒருவரைக் கூப்பிட்டுக் கொடுங்கள். பட்டியல் போடும் வேலையை அவர் செய்வார், கடிதத்தில் இருக்கும் கதையை நீங்கள் அவருக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவனான
தொழிலகப் பொறியியல் ஆசிரியர்